துப்பாக்கி இல்லாத படம்

ஏரிக்கரையில் விடியற்காலை ஓடுகிற பிள்ளைகளுக்கு,

போன வாரம் உங்களில் மூன்று பேர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். அம்மா கொடுத்த மோரைக் குடித்து முடிக்கும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கடைசியில் ஒருவன் வாயைத் திறந்தான். "தாத்தாவோட முதல் வருஷத்துக்கு ஏரி மேட்டுல ஃப்ளெக்ஸ் வைக்கலாம்னு இருக்கோம் அத்தை. டாங்கி, கொடி எல்லாம் கடைக்காரரே போட்டுக் குடுத்துடுவாரு. தாத்தா துப்பாக்கியோட நிக்கற மாதிரி ஒரு போட்டோ மட்டும் வேணும்."

தேடித் தருகிறேன் என்றேன். தேடினேன். அப்படி ஒரு படம் எங்கள் வீட்டில் இல்லை.

இதைச் சொல்ல ஒரு போன் போதும். ஆனால் தேடப் போய் இரண்டு நாள், நீங்கள் தாத்தா என்று சொல்லும் என் அப்பாவின் டிரங்குப் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அதிலிருந்து வந்ததையெல்லாம் உங்கள் மூன்று பேரிடம் மட்டும் சொல்லி நிறுத்த மனம் வரவில்லை. மிலிட்டரியில் சேரக் கரையில் ஓடுகிற எல்லோருக்கும், சைக்கிளில் பின்னாலேயே விசில் ஊதிக்கொண்டு வருகிற உங்கள் மாஸ்டருக்கும், "பையன மிலிட்டரிக்கு அனுப்பலாமாக்கா?" என்று என் அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போகும் தாய்மாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்தப் பெட்டி உங்களுக்குத் தெரியும். கறுப்பு இரும்புப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயின்டில் நம்பர், ரேங்க், பெயர். உள்ளே மேலாக டிஸ்சார்ஜ் புக். அதன் கீழ் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, ஒரு மெஸ் டின், ஊசி நூல் பட்டன் வைத்த ஒரு துணிப்பை. அந்தப் பைக்குப் பட்டாளத்தில் 'ஹவுஸ்வைஃப்' என்று பெயராம். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா முதல் லீவில் வந்து அதைச் சொன்னபோது, "அங்கியும் எங்களுக்குத்தான் வேலையா?" என்று அம்மா கேட்டாளாம். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் பழைய துணியில் சுற்றிய மெடல்கள். பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல். 1971 போரில் மேற்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தவை. யாராவது எடுத்துப் பார்த்தால் அப்பா உடனே சொல்லிவிடுவார்: "அங்க இருந்த எல்லாருக்கும் குடுத்தது அது. எனக்குன்னு தனியா ஒண்ணும் இல்ல."

நம் பக்கத்துக்கு மிலிட்டரி புதிதில்லை. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டை அடுத்த முறை கடந்துபோகும்போது நின்று பாருங்கள். இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-18 போருக்குப் போனார்கள், அதில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு கல்வெட்டு இருக்கும். கம்மவான்பேட்டையை இன்றைக்கும் ராணுவப்பேட்டை என்றுதான் சொல்கிறோம். அந்த வரிசையில்தான் 1969-ல் பதினெட்டு வயதில் அப்பாவும் போனார். ஒரு முறை குடியரசு தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் அவரைப் பேச அழைத்து, "எது உங்களைப் படைக்கு இழுத்தது?" என்று ஒரு மாணவி கேட்டாள். "பசிம்மா. கெணத்துல தண்ணி இல்ல. மத்ததெல்லாம் போன பொறவு வந்துது" என்றார். தலைமை ஆசிரியர் முகம் கொஞ்சம் வாடியது. அப்பாவுக்கு அது தெரியவே இல்லை.

அவர் சேர்ந்தது மெட்ராஸ் எஞ்சினியர் குரூப். 1780-ல் தொடங்கிய படை. பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கத்தில் அதன் தலைமையிடம். மெட்ராஸ் சேப்பர்ஸ் என்பார்கள். பட்டாளத்துக்குள் அவர்களுக்குத் 'தம்பி' என்று இன்னொரு பெயரும் உண்டு. நாடு முழுக்கச் சுற்றியும் அப்பாவுக்கு ஒட்டிக்கொண்ட ஒரே பட்டம் அதுதான்.

சேப்பர் வேலை என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். வழி பண்ணிக் கொடுப்பதுதான் வேலை. ஆறு குறுக்கே வந்தால் பாலம், சேறு வந்தால் பாதை, எதிரி மண்ணில் கண்ணிவெடி புதைத்திருந்தால் அதை எடுத்துச் சுத்தம் செய்து டாங்கியும் காலாட்படையும் போகிற அகலத்துக்கு ஒரு சந்து. எல்லோருக்கும் முன்னால் போக வேண்டும். வழி திறந்ததும் ஒதுங்கி நின்று மற்றவர்களைப் போகவிட வேண்டும். காஞ்சிபுரம் பக்கத்து சுபேதார் சுப்பிரமணியன் இந்தப் படைதான். 1944-ல் இத்தாலியில், வெடிக்கப்போகும் கண்ணிமேல் தானே விழுந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார். ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். அப்பா பயிற்சிக்குப் போனபோது முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்த கதை அது. "அப்பவே வயித்தக் கலக்கிடுச்சு" என்பார்.

1971 டிசம்பரில் அப்பா ஷக்கர்கர் பகுதியில் இருந்தார். பசந்தர் ஆற்றுச் சண்டை என்று நீங்கள் பொது அறிவுப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பரம்வீர் சக்கரம் பெற்ற அருண் கேத்ரபால் என்ற பெயரையும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்த டாங்கிகள் போவதற்காகக் கண்ணிவயலில் சேப்பர்கள் வழி திறந்துகொண்டிருந்தார்கள். வேலை முடியும் முன்பே, அந்தப் பக்கம் போனவர்களுக்கு ஆபத்து என்று செய்தி வந்து, டாங்கிகள் பாதி திறந்த வயலுக்குள்ளேயே இறங்கிவிட்டன. கேத்ரபாலுக்கு அப்போது 21 வயது. அப்பாவுக்கு 20.

போரைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நிறையச் சொல்வார். சண்டை 13 நாளில் முடிந்துவிட்டது. டிசம்பர் 16-ம் தேதி டாக்காவில் கையெழுத்தானதும் நாடே பட்டாசு வெடித்தது. கண்ணிகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. மண்ணுக்குள் இருந்தவை இருந்தபடியே இருந்தன. கோதுமை விதைக்கிறவனும் மாடு மேய்க்கிற பையனும் அந்த மண்ணில் கால் வைக்க வேண்டுமே. முழங்காலிட்டு, குப்புறப் படுத்து, சாண் சாணாக மண்ணைக் குத்திப் பார்த்து எடுக்க வேண்டும். "சண்டை முடிஞ்சிதுன்னு ரேடியோவுல சொல்லிட்டான். எங்களுக்கு அன்னிக்குத்தான் வேலை ஆரம்பம்" என்பார்.

நானும் தம்பியும் சின்ன வயதில் மல்லாட்டை பிடுங்கிய கொல்லையில் மண்ணுக்குள் தங்கிப்போன காய்களைப் பொறுக்கப் போவோம். லீவில் வந்திருந்தால் அப்பாவும் வருவார். களைக்கொத்தை நான் நேராக இறக்கினால் கையைப் பிடித்துக்கொள்வார். "நேரா குத்தாத. சாச்சுக் குத்து. பக்கத்துல போய்த் தொடணும், தலையில தொடக் கூடாது. கை சொல்லும், நிறுத்துன்னு." அது விவசாயப் பக்குவம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். கண்ணிவெடி மேல்பக்கம் அழுந்தினால் வெடிக்கும், அதனால் சாய்வாகக் குத்தி அதன் விலாவைத்தான் தொட வேண்டும் என்று பெரியவளான பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன். அன்றைக்கு இரவு அப்பாவிடம் கேட்டேன். "ஆமா, அதே கைதான். வேற கை எங்க இருக்கு எங்கிட்ட?" என்றார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஃப்ளெக்ஸில் போட முடியாத கதையும் அவரிடம் இருந்தது. 1987-ல் அமைதிப்படையோடு அப்பா யாழ்ப்பாணம் போனார். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் திரும்புவதற்குள் நம் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அங்கே நம் மொழி பேசுகிற சனம் பட்ட பாட்டுக்குக் கணக்கு எழுதியவர் யார்? வந்திறங்கிய படையை வரவேற்க அன்றைய தமிழக முதல்வர் போகவில்லை. அதைப் பற்றித் தெருவில் யாரோ அப்பாவிடம் கேட்டார்கள். "அவரு வராதது எனக்கு வருத்தமில்ல. நாங்க போனது..." என்று தொடங்கியவர், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விட்டார். அம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னாராம். ஒரு வீட்டு வேலியோரம் கண்ணி தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு கிழவி கிட்டே வந்து, "நீங்கள் தமிழோ, தம்பி?" என்று கேட்டாளாம். வருடக்கணக்காகத் தம்பி, தம்பி என்று கூப்பிட்டுப் பழகிய காது. அன்றைக்கு மட்டும் அந்தச் சொல்லுக்கு அவரால் 'ஆமாம்' சொல்ல முடியவில்லையாம்.

இனி வீட்டுப் பக்கம் வருகிறேன். நீங்கள் கேட்காத பக்கம் இதுதான்.

அப்பாவின் கடிதங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. எல்லாம் நீல இன்லேண்ட். அனுப்புநர் முகவரியில் ஊர் பெயர் இருக்காது. யூனிட் பெயரும் '56 ஏ.பி.ஓ.' என்ற முத்திரையும்தான். பனிமலையில் இருக்கிறாரா பாலைவனத்தில் இருக்கிறாரா என்று அம்மாவுக்குத் தெரியாது. கடிதத்தில் மூன்றே விஷயம்: நான் நலம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகிறார்களா? கிணற்றில் தண்ணீர் எத்தனை முழம்? மூன்றாவது கேள்வி இல்லாத கடிதம் ஒன்றுகூட இல்லை. கிணறு வற்றியதால் போனவர், கிணற்றை மறக்கவே இல்லை.

பெட்டியின் அடியில் இன்னொன்று கிடைத்தது. மளிகைக் கடையில் பில் குத்தி வைப்பார்களே, அந்த மாதிரிக் கம்பி. அதில் நாள்காட்டித் தாள்கள். அப்பா லீவில் வீட்டில் இருந்த ஒவ்வொரு நாளின் தாளையும் அம்மா கிழித்துப் போடாமல் அதில் குத்தி வைத்திருக்கிறாள். 1975-ல் கல்யாணம் ஆனதிலிருந்து 1993-ல் அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்று வரும்வரை. தம்பியும் நானும் உட்கார்ந்து எண்ணினோம். ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம். பட்டாளத்தில் வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் கேஷுவல் லீவு என்று சட்டத்தில் இருக்கும். நிலைமை சரியில்லை என்றால் கையில் வருவது குறையும். பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கை, மூன்றரை வருடத்துக்கும் குறைவான ஒரு கம்பியில் அடங்கிவிட்டது. நான் பிறந்து ஏழு மாதம் கழித்துத்தான் அப்பா என்னைப் பார்த்தார். அந்தத் தாளும் அதில் இருக்கிறது. ஓரத்தில் மை கொட்டிய கறை. யார் கொட்டினார்கள் என்று அம்மாவுக்கு நினைவில்லை.

1993-க்குப் பிறகு அம்மா தாள் சேர்க்கவில்லை. "அதான் தெனமும் இங்கியே இருக்காரே" என்றாள்.

ஆமாம், தினமும் இருந்தார். 42 வயதில் வந்தவர் 73 வரை. பட்டாளத்தில் இருந்தது 24 வருடம். வந்து இருந்தது 31 வருடம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

துப்பாக்கியோடு அப்பாவை நான் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. பார்த்திருக்கிறேன், வங்கி வாசலில். ஓய்வு பெற்ற மறு வருடமே டவுனில் ஒரு வங்கிக்குக் காவலராகப் போய்விட்டார். காக்கிச் சட்டை, தோளில் இரட்டைக்குழல். பதினேழு வருடத்தில் அந்தத் துப்பாக்கியால் ஒரு காக்கையைக்கூட மிரட்டியதில்லை. ஆனால் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். முதியோர் பணம் எடுக்க வருகிற கிழவிகள், நகைக்கடன் வட்டி கட்ட வருகிற பெண்கள், எழுதத் தெரியாதவர்கள் எல்லோரும் கவுன்ட்டருக்குப் போகும் முன் அவரிடம்தான் வருவார்கள். துப்பாக்கியை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டு சலான் நிரப்புவார். தொகையை எழுத்தால் எழுதும்போது வாய்விட்டுச் சொல்லி, அவர்கள் தலையாட்டிய பிறகே கைநாட்டு வைக்கவிடுவார். ஒரு நாள் புதிதாக வந்த அதிகாரி ஒருவர், "நீ செக்யூரிட்டியா, கிளார்க்கா?" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டார். அப்பா மறுநாளிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகப் போகத் தொடங்கினார். டியூட்டிக்கு முன் வாசல் படியில் உட்கார்ந்து சலான் எழுதினால் யார் கேட்பது?

வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அம்மா அடுப்படிக்குள் வரக் கூடாது. "இன்னிக்கு உங்கம்மாவுக்குக் கேஷுவல் லீவு" என்று அறிவித்துவிட்டு அப்பா சமைப்பார். பட்டாளத்து லங்கரில் கற்ற சப்பாத்தியும் கெட்டிப் பருப்பும். நூறு பேருக்குச் செய்த கையென்பதால் எங்கள் நால்வருக்குச் செய்தாலும் தெருவில் நான்கு வீட்டுக்குப் போகும். உப்பு மட்டும் எப்போதும் ஒரு கல் கூடுதல். அம்மா ஒரு தடவையும் குறை சொன்னதில்லை. அப்பா அந்தப் பக்கம் போனதும் எங்களிடம் கண்ணைச் சிமிட்டி, மோரை ஊற்றிக்கொள்வாள்.

ஓடைப் பாலம் கதை உங்களில் பலருக்குத் தெரியாது, நீங்கள் பிறக்கும் முன் நடந்தது. ஐப்பசி மழை பிடித்தால் கிழக்குத் தெருப் பிள்ளைகள் ஓடையைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போக முடியாது. ஓய்வு பெற்று வந்த முதல் வருடம் அப்பா இரண்டு பனந்துண்டும் பலகையும் போட்டு ஒரு நடைபாலம் கட்டினார். தை வந்து தண்ணீர் வற்றியதும் பலகைகளைக் கழற்றி, எண் போட்டு, எங்கள் மாட்டுக்கொட்டகைப் பரணில் அடுக்கிவிடுவார். மறு ஐப்பசியில் அதே எண் வரிசையில் மறுபடி பூட்டுவார். இப்படிப் பத்துப் பன்னிரண்டு மழைக்காலம். பிறகு அங்கே சிமென்ட் சிறுபாலம் வந்தது. பெயர்ப் பலகை வைத்து, ரிப்பன் வெட்டினார்கள். கூட்டத்தில் பின்வரிசையில் நின்று கைதட்டிவிட்டு வந்தவர், அன்றைக்குச் சாயங்காலமே பரணிலிருந்த பலகைகளை இறக்கி மாட்டுக்குத் தொட்டி அடித்துவிட்டார். "உங்க பேரைப் போடலியேப்பா" என்று நான் ஆற்றாமையில் கேட்டேன். "நெரந்தரப் பாலம் வந்துடுச்சின்னா நம்ம பாலத்தைப் பிரிச்சிடணும். அதான் முறை" என்றார். நீங்கள் தினமும் காலையில் அந்தச் சிறுபாலத்தின் மேல்தான் ஓடுகிறீர்கள்.

2024 ஜூலை 30 விடியற்காலை வயநாட்டில் மலை சரிந்தது. சூரல்மலைக்கும் முண்டக்கைக்கும் நடுவே இருந்த பாலம் அடித்துப்போய், அந்தப் பக்கம் என்ன ஆனது என்றே தெரியாத நிலை. மெட்ராஸ் சேப்பர்கள் பெய்லி பாலம் கட்டப் போனார்கள். அந்த இரண்டு நாள் அப்பா டிவியை விட்டு நகரவில்லை. கண்புரை முற்றிய கண்ணோடு திரைக்கு அரை முழ தூரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பெய்லி பாலம் என்பது துண்டு துண்டாகக் கொண்டுபோய் இடத்திலேயே பூட்டுகிற இரும்புப் பாலம். ஒரு பேனல் பத்தடி நீளம், சுமார் 260 கிலோ. கம்பி செருகி, இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர், ஒரே மூச்சில் தூக்க வேண்டும். ஆகஸ்ட் முதல் தேதி பாலம் அக்கரையைத் தொட்டதைக் காட்டினார்கள். அப்பா திரையில் விரல் வைத்து எண்ணினார். "பத்தொம்போது. நூத்தித் தொண்ணூறு அடி." கொஞ்ச நேரம் கழித்துச் செய்தி வாசிப்பவர் சொன்னார், 190 அடி என்று. அப்பா எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்த மாதிரி, மெடல் வாங்கிய அன்றைக்குக்கூடச் சிரித்திருக்க மாட்டார்.

அந்தப் பாலத்தின் மேல், அதைக் கட்டிய அணியின் மேஜர் சீதா ஷெல்கே நிற்கிற படம் மறுநாள் எல்லோர் போனிலும் வந்தது. அப்பாவிடம் காட்டினேன். "அந்தம்மா எங்க நிக்குது பாரு. பாலத்து மேல. கட்டினவங்க மொதல்ல ஏறி நிக்கணும். அப்பத்தான் மத்தவன் நம்பிக் கால வைப்பான்" என்றார். பிறகு, "நம்ம கரையில ஓடுதுங்களே ரெண்டு பொண்ணுங்க, அதுங்களுக்கு இந்தப் போட்டோவக் காட்டு" என்றார். காட்டத் தவறிவிட்டேன். தங்கங்களே, இப்போது சொல்கிறேன்.

அடுத்த தை மாதம் ஒரு காலை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உங்களில் நான்கு பேர்தான் சுடுகாடு வரைக்கும் தோள் கொடுத்தீர்கள். ஓடைப் பாலத்தில் தோள் மாற்றும்போது பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது, அப்பா இருந்திருந்தால் "சொல்லிட்டு மாத்துங்கடா" என்று திட்டியிருப்பார் என்று.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மா பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துக் கொடுத்தாள். மேலே சிவப்பு மையில் 'நான் போன பிறகு' என்று அப்பாவின் கையெழுத்து. உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை. இறப்புச் சான்று எத்தனை நகல், பென்ஷன் ஆர்டர் எந்தக் கவரில், குடும்ப ஓய்வூதியத்துக்கு எந்தப் படிவம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு எந்த பஸ்ஸில் போய் எங்கே இறங்க வேண்டும். நவம்பர் மாதம் வாழ்நாள் சான்று கொடுக்க மறக்காதே என்று அடிக்கோடு. அம்மாவின் பெயர் ஆவணத்தில் ஓர் எழுத்து மாறியிருந்ததை, அலைந்து திரிந்து எப்போதோ திருத்தி வைத்திருந்தார். அந்த ஓர் எழுத்தால் வருடக்கணக்கில் பென்ஷன் வராமல் அழுத விதவைகளை வங்கி வாசலில் அவர் பார்த்திருக்கிறார். கடைசித் தாளில் எண் இல்லாமல் ஒரு வரி: 'கிணற்று மோட்டாருக்கு மழைக்கு முன் கிரீஸ் போடவும்.'

பிள்ளைகளே, இப்போது அந்தக் கணக்குக்கு வருகிறேன். அப்பாவுக்கு 24 வருடமும் அதன் பின் பென்ஷனும் கிடைத்தன. 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது நான்கு வருடம். முடியும்போது நால்வரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள். மற்ற மூவர் கையில் பதினோரு லட்சத்துச் சொச்சம் ரூபாயோடு, பென்ஷன் இல்லாமல், இருபதுகளின் நடுவிலேயே காட்பாடியில் வந்து இறங்குவீர்கள். அது சரியா தவறா என்று இங்கே வாதாட வரவில்லை. என் கருத்து என்னோடு இருக்கட்டும். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பட்டாளத்தில் இருக்கப்போவதைவிட, பட்டாளத்திலிருந்து வந்து இருக்கப்போகிற காலம் உங்களுக்குப் பல மடங்கு அதிகம். அந்தக் காலத்துக்குத் துப்பாக்கியைக் கொண்டுவர முடியாது. என் அப்பா கொண்டுவந்தது ஒரு கையை. சாய்த்துக் குத்தத் தெரிந்த கை, எண் போட்டு அடுக்கத் தெரிந்த கை, செத்த பிறகும் அம்மாவுக்கு பஸ் நம்பர் எழுதி வைக்கத் தெரிந்த கை. அதைக் கற்றுக்கொண்டு வாருங்கள். 1.6 கிலோமீட்டர் ஓட்டம் அங்கே நுழைவதற்கான சீட்டுதான்.

இனி படம். பெட்டியில் அப்பா பட்டாளத்தில் எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கறுப்பு வெள்ளை, ஓரம் மடங்கியது. எங்கோ ஓர் ஆற்றங்கரை. ஆறு பேர் பெய்லி பேனல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பனியன், குனிந்த தலை, பாரத்தில் இறுகிய கழுத்து. ஒருவர் முகமும் தெரியவில்லை. தம்பி முதலாமவர் என்றான், நான் கடைசி ஆள் என்றேன். அம்மா கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி வாங்கிப் பார்த்தாள். "அந்த நடு ஆளு. இந்தத் தோளு எறங்கியிருக்கு பாரு. மூட்ட தூக்கும்போது அப்படித்தான் எறங்கும்" என்றாள்.

இந்தப் படத்தை உங்களுக்கு அனுப்புகிறேன். போட்டால் இதை அப்படியே போடுங்கள். வெட்டி அப்பாவை மட்டும் தனியாக எடுக்க வேண்டாம். மற்ற ஐந்து பேர் கையை விட்டால் அது யார் காலில் விழும் என்று உங்களுக்குத் தெரியும். டாங்கி வேண்டாம். மாவீரர் என்று எழுத வேண்டாம்.

இன்னொன்று. நீங்கள் தாண்டிப் பழகுகிற ஒன்பதடிப் பள்ளம் இந்த மழையில் பாதி தூர்ந்து கிடப்பதை நேற்று பார்த்தேன். தை பிறந்ததும் அப்பா அதைத் தோண்டி, டேப் பிடித்து அளந்து, கரையை மட்டம் தட்டிவிடுவார். மண்வெட்டி எங்கள் மாட்டுக்கொட்டகையில், தொட்டிக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கழுவி அதே இடத்தில் வையுங்கள்.

அன்புடன்,
மிலிட்டரி வீட்டு அத்தை